ஓவியத்தின் முன் கழற்றிய செருப்பு

அண்ணியின் ஓவியம் என்றாலே அதன் முன்னால் கிடந்த பழுப்பு நிறச் செருப்புதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. ஜொகூர் பாருவில் ஒரு பழைய கடைவீட்டு மாடியைத்தான் ஓவியக்கூடம் ஆக்கியிருந்தார்கள். பளபளவென்று துடைத்த தரையில், யாரோ வீட்டுக்குள் போயிருப்பது போல அந்தச் செருப்பு கிடந்தது.

அண்ணி உலு திராமில் வளர்ந்த கத்தோலிக்கப் பெண். நாங்கள் செட்டிநாட்டு வழி வந்த இந்துக்கள். என் அண்ணனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அண்ணியின் அப்பா அவரை வாசற்படி ஏறவிடவில்லை. அண்ணி அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. ஆனால் கண்காட்சிக்கு என்று அவர் வரைந்தது அந்த வீட்டின் முன்னறையை. வாசலில் நின்று பார்த்தால் தெரிகிறபடி, ஆள் உயரத்துக்கு வரைந்திருந்தார். திறந்த கதவு, பச்சைச் சிமெண்டுத் தரை, சுவரில் திருக்குடும்பப் படம், அதன் கீழே அப்பாவின் பிரம்பு நாற்காலி. நாற்காலியில் ஆள் இல்லை.

ஓவியத்தைக் கண்மட்டத்தில் மாட்டுவதுதான் முறை என்றார் கூடத்தின் உரிமையாளர் அம்மாள். அடிவிளிம்பு தரையைத் தொட்டே ஆகவேண்டும் என்று அண்ணி மசியாமல் நின்றார். ஓவியம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆணி அடிக்கிற வரைதான். எனக்கும் அது வீண் பிடிவாதமாகவே பட்டது. இறக்கி வைத்த பிறகுதான் விஷயம் புரிந்தது. கூடத்தின் தரை அப்படியே படத்துக்குள் போனது. நாங்கள் நின்ற இடம் வாசலாகிவிட்டது. வந்தவர்கள், அழைப்பில்லாத வீட்டுக்கு முன்னால் நிற்பது போல, கொஞ்சம் தள்ளியே நின்றார்கள். நம்மவர்களில் சிலர் தம்மை அறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டு, அசடு வழியச் சிரித்துத் திரும்ப மாட்டிக்கொண்டார்கள்.

அண்ணன் தன் மாமனாருக்கும் சொல்லி அனுப்பியிருந்தான். மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அண்ணி திரும்பிப் பார்த்தார். பார்க்கவே பாவமாக இருந்தது.

கடைசி நாள், ஞாயிறு பூசை முடிந்த கையோடு அண்ணியின் அப்பா வந்தார். நேராக ஓவியத்தின் முன் வந்து பழுப்புச் செருப்பைக் கழற்றினார். மற்றவர்களைப் போல அதைத் திரும்ப மாட்டிக்கொள்ளவில்லை. வெறுங்காலோடு வெகுநேரம் நின்றார்.

“கதவத் தெறந்து வச்சிருக்கியேம்மா,” என்றார். “நான்தானே சாத்துனேன்.”

அண்ணி அவர் பக்கத்தில் போய் நின்றார். “உங்களையும் வரையப் பாத்தேம்பா. முகம் சரியா ஞாபகத்துக்கு வரல.”

அப்பா நின்ற இடத்திலேயே அழுதார்.

இப்போது அந்த ஓவியம் செடெனாக்கில் அண்ணன் வீட்டுக் கூடத்தில் தரையோடு நிற்கிறது. வீட்டில் ஆணி இல்லையா என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனும் அண்ணியும் உலு திராமுக்குப் போகிறார்கள். போன வாரம் நானும் போனேன். அதே பச்சைத் தரை, அதே திருக்குடும்பம். வாசலில் அந்தப் பழுப்புச் செருப்பு. அண்ணி தன் செருப்பை அதன் பக்கத்தில் கழற்றிவிட்டு, படி ஏறாமல் கொஞ்சம் தள்ளியே நின்றார். இன்னும் அந்தப் பழக்கம் போகவில்லை.

பிரம்பு நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

“படமா பாக்குற?” என்றார். “உள்ள வாம்மா.”