நான்காவது போல்ட்

மெக்கானிக் என் பழைய காரிலிருந்து கெட்டுப்போன ஏசி கம்ப்ரஸரைக் கழற்றிக்கொண்டிருந்தார். போல்ட்டுகள் நான்கு, தட்டில் மூன்றுதான் இருந்தன.

"இன்னொண்ணு எங்க தம்பி?"

"ம்ம்" என்றார், தலை நிமிராமல்.

கிரீஸ் வாசனையில் அப்பா ஞாபகத்துக்கு வந்துவிட்டார். அன்று தவளக்குப்பத்தில் சித்தியின் கல்யாணம். கிளம்பும் நேரத்தில் கார் மக்கர் பண்ண, அப்பா டைனமோவைக் கழற்றினார். திரும்ப மாட்டும்போது ஒரு போல்ட்டைக் காணோம். பட்டுப்பாவாடையோடு அக்காக்கள் மூவர், நான், அம்மா, ஐந்து பேரும் தரையைத் தடவினோம்.

"முகூர்த்த நேரம் போவுது, வாயத் தொறந்து எதுனா சொல்லுங்களேன்!" என்று அம்மா கத்தினாள்.

அப்பா வாயைத் திறந்தார். போல்ட் விழுந்தது. தொலையக்கூடாதென்று பல்லிடுக்கில் வைத்திருந்தாராம். தாலி கட்டுவதற்குள் போய்விட்டோம். மேளத்துக்கு மேல் எங்கள் சிரிப்புதான் கேட்டது.

"தம்பி, வாயத் தொறங்க" என்றேன். மெக்கானிக் திறந்தார்.

நான்கு.