காலி நாற்காலிகளுக்கு ஒரு ஜப்பானியப் பாட்டு

ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபங்களில் ரிசப்ஷன் கச்சேரிக்குக் கீபோர்டு வாசிக்கிறேன். கச்சேரி தொடங்கும் முன், குழுவில் மற்றவர்கள் டீ குடிக்கப் போனதும், பியானோ ஒலியை வைத்து ஒரு ஜப்பானியக் காதல் பாட்டை வாசிப்பேன். அந்த ஊர்ப் பாட்டுக்குத் தபேலா வேண்டாம், பாடகியும் வேண்டாம். இடது கை நிதானமாகத் தாங்கினால் வலது கையே பாடிவிடும். ஒரு வார்த்தைக்கும் எனக்கு அர்த்தம் தெரியாது. ஆனாலும் கடைசியில் பல்லவி திரும்பும்போது சுருதி ஒரு படி ஏறும். அந்த இடத்தை மட்டும் இன்னொரு முறை வாசிப்பேன். டீ முடித்துத் திரும்பும் எங்கள் டிரம்மருக்குக் கொட்டாவிதான் வரும்.

போன வாரம் பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் முன்வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நான் அதை வாசித்து முடித்ததும் மேடையருகே வந்தார். இது என்ன பாட்டு என்று கேட்கப்போகிறார் எனப் பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

"சவுண்ட் டெஸ்டிங் நல்லா இருக்குங்க. பாட்டு எப்ப ஆரம்பிப்பீங்க?"

"ஏழு மணிக்குங்க" என்றேன்.