கவிழ்த்துப் போட்ட பலகையில் இருந்த பெயர்

என் மகளுக்குப் பெயர் வைப்பதற்கு முன்னால், பக்கத்து வீட்டில் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? தினமும் சுவர் ஓரமாக நின்று மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள்தான் நாங்கள். மீன் விலை, மாத்திரை, பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்று எல்லாவற்றையும் அவர்களிடம் கேட்டிருக்கிறேன். இதை மட்டும் கேட்கவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இரண்டு சொற்கள். முதல் பெயர் கடலோடு சம்பந்தப்பட்ட பழைய தமிழ்ச் சொல். நடுப்பெயர், போர்த்துக்கீசியர் காலத்தில் இந்தக் கரைக்கு வந்து, இப்போது யாரும் வைக்காத ஒரு புனிதையின் பெயர். சேர்த்துச் சொல்லும்போது வாய் நிறைந்த மாதிரி இருக்கும்.

எனக்குச் சொந்த ஊர் கயத்தாறு பக்கம். கத்தோலிக்கர்கள்தான், ஆனால் கடலை விடுமுறைக்குப் போய்ப் பார்த்தவர்கள். எங்கள் பக்கம் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்து நிற்கும், அவ்வளவுதான். திருமணமாகி முத்தையாபுரத்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, கணவருக்குத் துறைமுகத்தில் வேலை நிலையானதும் கடற்கரைத் தெருவுக்குக் குடிவந்தோம். இங்கே பெண்களுக்கு முதல் பெயர், நடுப்பெயர், குடும்பப் பெயர் என்று நீளமாக இருப்பதைக் கேட்டு எனக்கு ஆசையாக இருந்தது. பிறக்கிற பிள்ளைக்கு அப்படி ஒன்று வேண்டும், ஆனால் தெருவில் இன்னொருத்திக்கு இருக்கக்கூடாது என்று நினைத்தேன். செல்போனில் தேடினால் எல்லாப் பெயரிலும் ‘ஷ்’ இருந்தது. எம்.எஸ்ஸி. படித்தவள், ஒரு பெயர் கண்டுபிடிக்க முடியவில்லையே என்று ராத்தூக்கம் இல்லை.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஐம்பது வயதுக்குப் பக்கம் இருக்கும். தனக்கென்று குடும்பம் இல்லை. தாயாரைப் பார்த்துக்கொண்டு, வீட்டிலேயே தையல் தைக்கிறார். தாயாரை நான் பெரியம்மா என்பேன். அவருக்கு அப்போதே ஞாபகம் தடுமாறத் தொடங்கியிருந்தது. எனக்கு வலி எடுத்தபோது கணவர் வேலையில் இருந்தார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், என் அம்மா ஊரிலிருந்து வந்து சேரும்வரை கூடவே இருந்தவர் அந்த அக்காதான். அதனால்தான் ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தி நிற்கும் ஞானத்தாயாக அவரையே கேட்டோம்.

பெயர் அவருடைய வீட்டு முற்றத்தில்தான் கிடைத்தது. எனக்கு எட்டாம் மாதம். அக்கா கோயிலுக்குப் போயிருந்த நேரம் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. அவருக்கும் சேர்த்துப் பிடித்து வைக்கலாம் என்று போனேன். குடங்கள் ஒரு தடித்த பலகையின் மேல் இருந்தன. அடியில் பாசி வழுக்கியது. காலிக் குடங்களை இறக்கிவிட்டுத் தேய்க்கலாம் என்று பலகையின் ஒரு முனையைத் தூக்கினேன். அடிப்பக்கத்தில் நீலத்தில் வெள்ளையாக, பாதி உரிந்து, அந்த இரண்டு சொற்கள்.

பழைய தோணிப் பலகை என்று புரிந்தது. அவ்வளவுதான் புரிந்தது. இவ்வளவு அழகான எழுத்தை மண்ணைப் பார்க்கக் கவிழ்த்து வைத்திருக்கிறார்களே, ஏன் என்று ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். பலகையை இருந்தபடியே வைத்துவிட்டு, அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

கணவரிடம் சொன்னேன். “வேற மாதிரி இருக்கு, நல்லாருக்கு” என்றார். அவரும் வெளியூர்க்காரர். வேறு யாரிடமும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அக்காவுக்கு அது ஒரு பரிசாக இருக்கட்டும் என்று நினைத்தேன். உங்கள் வீட்டிலிருந்து எடுத்ததுதான் என்று சொன்னால் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று மனதுக்குள் ஒத்திகைகூடப் பார்த்தேன்.

பிள்ளை பிறந்த பிறகு தெருப்பெண்கள் விடவில்லை. தெருவே மைனி என்று கூப்பிடும் எதிர்வீட்டு அண்ணி தினமும் கேட்பார்.

“என்னளா, பேரைப் பெட்டியில போட்டுப் பூட்டி வச்சிருக்கியோ? தொறந்து காட்டு.”

“கோயில்ல தெரியும் மைனி.”

“பிள்ளைக்குப் பேரு வைக்காளா, போப்பாண்டவரத் தேர்ந்தெடுக்காளா? பொகை வந்தாத்தான் தெரியும் போல!”

அக்கா சிரித்துக்கொண்டே, “எங்கிட்டயே சொல்லல மைனி. ஞானத்தாய்க்கே தெரியாது” என்றார். அவர் முகத்தில் பெருமைதான் இருந்தது.

பங்குச்சாமியார் ஊருக்குப் புதியவர். முன்கூட்டியே பெயரைச் சொல்லியிருந்தோம். “அருமையான பேரு” என்று பாராட்டினார். ஞானஸ்நானத்தன்று கோயில் வாசலில், பிள்ளைக்கு என்ன பெயர் இடுகிறீர்கள் என்று வழக்கப்படி கேட்டார். நான் நன்றாகக் கேட்கும்படி, ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்திச் சொன்னேன்.

பின்னால் யாரோ “யேசுவே” என்றார்கள். பிள்ளை அக்காவின் கையில் இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, பிள்ளையைத்தான் பார்த்தார். பிறகு தண்ணீர்த் தொட்டிவரை நடந்து போனார். தலையைத் தாங்கிப் பிடித்தார், மெழுகுவர்த்தி ஏற்றினார், செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தார். எனக்கு ஏதோ தப்பு என்று தெரிந்தது. என்ன தப்பு என்று தெரியவில்லை. போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். சிரித்தேன்.

பிரியாணிப் பந்தியில்தான் எதிர்வீட்டு மைனி என்னைத் தனியாக இழுத்தார்.

“ஏளா, உனக்கு உலகத்துல வேற பேரே கெடைக்கலையா?”

அவர் சொல்லித்தான் தெரிந்தது. அக்காவின் அப்பா, சரக்கேற்றிக் கடல் கடக்கும் பெரிய தோணியில் தண்டல். ஆட்களுக்குத் தலைவராக நின்று தோணியைச் செலுத்துகிறவர். புதுத்தோணி கட்டியபோது முதலாளி, தண்டல் வீட்டுக்காரியே பெயர் வைக்கட்டும் என்றாராம். வழக்கமாகப் பெரிய புனிதர்களின் பெயரைத்தான் வைப்பார்கள். பெரியம்மா யாரும் வைக்காத ஒரு பெயராக யோசித்து வைத்தார். சில வருடங்கள் நன்றாக ஓடியது. ஒருமுறை மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிப் போனது திரும்பவில்லை. அதில் அக்காவின் அப்பாவும் ஒரே தம்பியும் இருந்தார்கள். கரை ஒதுங்கியது அந்தப் பலகை மட்டும்தான்.

“ஆளுகளோட போன தோணி பேர எங்க கரையில வாயால கூடச் சொல்ல மாட்டோம். அடுத்த தோணிக்கும் வைக்க மாட்டோம், பிள்ளைக்கும் வைக்க மாட்டோம். அப்பவே ஊருல என்னெல்லாம் பேசுனாவ தெரியுமா? ஊரோட ஒத்த பேரு வைக்காம புதுமையா வச்சா, அதான் கடல் முழுங்கிட்டுன்னு. அந்தப் பெரியம்மா எத்தன வருசம் கோயிலுக்கே வரல.”

அக்கா பின்னால் வந்து நின்றதை நாங்கள் பார்க்கவில்லை. “விடுங்க மைனி. தெரியாமத்தான வச்சா” என்றார். பிறகு என்னிடம், “பிள்ளை அழுது, பால் கொடு” என்றார். நான் பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். விருந்தாளிகள் போகும்வரை வெளியே வரவில்லை.

அன்றிலிருந்து வெளியே ‘பாப்பா’, உள்ளே மெதுவாகப் பெயர். ஆனால் பிள்ளை தவழ ஆரம்பித்த பிறகு ஒருநாள் அடுப்புப் பக்கம் போய்விட்டாள். பதறிப்போய் முழுப்பெயரையும் கத்திவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பெரியம்மா எங்கள் வாசலில் நின்றார். சேலையைச் சரியாகக்கூடக் கட்டவில்லை.

“தோணி வந்துட்டாளா?”

பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டேன். அக்கா ஓடி வந்தார். “இல்லம்மா. பிள்ளையக் கூப்பிடுதா.”

“எந்தப் பிள்ளைய?”

“நம்ம பிள்ளதாம்மா. இந்தா, பாரு.”

பெரியம்மா என் மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கன்னத்தைத் தொட்டார். “நல்ல பேருல்லா? நான் வச்ச பேரு அது” என்றார்.

அந்த ஒரு நாள் அப்படி. இன்னொரு நாள் இதே பெயர் காதில் விழுந்தபோது, கடல் பக்கம் பார்த்துக்கொண்டு பொழுது சாயும்வரை வாசலில் நின்றார். சாப்பிட வரவில்லை. அக்கா கெஞ்சியும் நகரவில்லை. என் சன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போய்க் கையைப் பிடித்து உட்கார வைக்கக்கூட எனக்குத் துணிச்சல் இல்லை.

கணவர் சுலபமாகச் சொல்லிவிட்டார்: “பேருதான, மாத்திருவோம்.” என் அம்மா போனில், “அபசகுனம், முதல்ல மாத்து” என்கிறாள். அபசகுனத்தை நான் நம்பவில்லை என்று அவளிடம் வீறாப்பாகச் சொன்னேன். ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் அதைத்தான் நினைக்கிறேன். இதையும் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கடைசியில் அக்காவிடமே போனேன். தையல் மிஷினில் இருந்தார். மாற்றிவிடுகிறேன் என்றேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அழுதுவிட்டேன். அவர் மிஷினை நிறுத்தினார்.

“மாத்தணும்னா மாத்து. ஒம் பிள்ள, ஒம் இஷ்டம். மாத்தலன்னா வாய் தொறந்து கூப்பிடு. இப்படிக் கதவச் சாத்திக்கிட்டுக் குசுகுசுன்னு கூப்பிடுத பாரு, அதுதான் எனக்குத் தாங்கல. அம்மா என்னமோ தப்புப் பண்ணிட்ட மாதிரி ஊரு அப்ப பேசுன கணக்கா இருக்கு.”

“பெரியம்மா வாசல்ல நிக்காங்களே அக்கா.”

“நிப்பாவ. பேரு கேக்காட்டாலும் நிப்பாவ. நீ வரதுக்கு முன்னயும் நின்னாவ.” பிறகு கொஞ்சம் குரல் இறங்கி, “கேட்டா கூடக் கொஞ்சம் நிக்காவ. அதுவும் உண்மைதான்” என்றார்.

மறுபடி மிஷினை ஓட்டத் தொடங்கினார். நான் வீட்டுக்கு வந்தேன்.

பிறப்புச் சான்றிதழில் பெயர் எழுதும் இடத்தை இன்னும் காலியாகவே வைத்திருக்கிறோம். முதல் பிறந்தநாள் நெருங்குகிறது, அதற்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்கிறார் கணவர். மகளோ இப்போது அந்தப் பெயரைச் சொன்னால்தான் திரும்புகிறாள். ‘பாப்பா’ என்றால் தெருவில் போகிற யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறாள்.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது, கூப்பிட்டால் திரும்பத் தொடங்கிவிட்ட ஒரு பிள்ளையின் பெயரை மாற்றியிருக்கிறீர்களா? பிள்ளை என்ன செய்தது? மாற்றினால் பெரியம்மா அன்று தோணிக்கு வைத்த பெயர் தப்பு என்று நானும் ஊரோடு சேர்ந்து சொன்னதாக ஆகிவிடுமா? மாற்றாவிட்டால், ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் அவர் வாசலுக்கு வருவதை எந்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருப்பது? எனக்காக இல்லை, அவர்கள் இரண்டு பேருக்காகவும் என் மகளுக்காகவும் கேட்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.