பிரேக் அக்காவும் வலைப்பூ விளம்பரங்களும்

அந்த டிரைவிங் ஸ்கூல் காரில் இரண்டு பிரேக். ஒன்று ஓட்டப் பழகுகிறவரின் காலடியில். இன்னொன்று பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவரின் காலடியில். இரண்டாவதுதான் அதிகம் தேய்ந்திருக்கும். அதை வருஷக்கணக்காக மிதித்துவந்தவருக்கு ‘பிரேக் அக்கா’ என்று பெயர் நிலைத்துவிட்டது. கூரியர் கொண்டுவருகிறவர்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் வீட்டை விசாரிப்பார்.

அக்காவுக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒடிசலான உடம்பு, அதற்குப் பொருந்தாத கனத்த குரல். கோபக்காரர் என்று சொல்ல முடியாது. ஆனால் அலுத்துக்கொள்வதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அதற்குக் காரணமும் இருந்தது. காருக்குள் அவர் தொடங்கிய வாக்கியம் எதுவும் முடிந்ததே கிடையாது. “வளைவுல திரும்புறதுக்கு முன்னாடி கண்ணாடியப் பாருங்க, அப்புறம்...” என்று ஆரம்பிப்பார். அதற்குள் வண்டி எதிரே வருகிற லாரியைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கும். “கிளட்ச், கிளட்ச், ஐயோ கிளட்ச்!” என்பதோடு அன்றைய பாடம் முடிந்துவிடும்.

வீட்டிலும் அதே கதைதான். கணவருக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. பகலெல்லாம் சத்தமில்லாத அறையில் இருந்து பழகிய மனிதர். அக்கா வாயைத் திறந்தால் இரண்டாவது வரியிலேயே அவருக்குக் கண் சொக்கும்.

“நான் சொல்றத முழுசா கேக்க இந்த உலகத்துல ஒரே ஒரு ஆள் இருக்கா?” என்று ஒருநாள் அக்கா பொரிந்து தள்ளினார்.

“எழுதி வையேன், படிச்சுக்குறேன்” என்றார் கணவர், ஆளை விட்டால் போதும் என்கிற தொனியில்.

அக்கா அதை நிஜமாகவே பிடித்துக்கொண்டார்.

அப்போது அவரிடம் கார் பழகிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் கடைகளுக்கு வெப்சைட் செய்துகொடுப்பவர். லைசென்ஸ் தேர்வில் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த மனிதர். பள்ளியில் அவரை எல்லாரும் வெப்சைட்காரர் என்பார்கள். வலைப்பூ நடத்த அவர் அக்காவுக்குச் சொல்லித்தர வேண்டியது, பதிலுக்கு அக்கா அவருக்குக் கூடுதலாக ஓட்டக் கற்றுத்தர வேண்டியது என்று ஒப்பந்தம் ஆனது.

டிரைவிங் ஸ்கூலின் பின்னறையில், சாலைக் குறியீடுகள் ஒட்டிய சுவருக்குக் கீழே, தூசி படிந்த ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதன் முன்னால் இரண்டு நாற்காலிகள்.

“இதத் திறந்ததும் முதல்ல வர்றது டேஷ்போர்டு மேடம்.”

“டேஷ்போர்டா? அது கார்ல இல்ல இருக்கும்?”

“இதுலயும் இருக்கு. இங்க பாருங்க, இது தலைப்பு, இது லேபிள், இது பப்ளிஷ். இத அமுக்கினா...” அவர் கையிலிருந்த மவுஸ் பறந்தது. திரையில் ஏதேதோ திறந்து மூடின.

அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. “ஏங்க, மவுஸ முதல்ல இங்க குடுங்க. எல்லாத்தையும் நீங்களே செஞ்சா நான் எப்ப கத்துக்கிறது? கார்ல உங்க கையிலேருந்து நான் ஸ்டியரிங்கப் பிடுங்குறேனா?”

“தினமும் பிடுங்குறீங்க மேடம்.”

அக்காவுக்குச் சுருக்கென்றது. மறுநாள் பாடத்தின்போது இரண்டு கைகளையும் மடியிலேயே வைத்துக்கொண்டார். வெப்சைட்காரர் ஒரு குப்பைத்தொட்டியைச் சாய்த்தபோதுகூடக் கையை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு பின்னறையில் மவுஸ் அக்காவின் கையிலேயே இருந்தது. வெப்சைட்காரர் நகத்தைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

முதல் கட்டுரை, வண்டியைப் பின்னால் எடுப்பது பற்றி. அரை நாள் லீவு போட்டு எழுதினார். முடித்துவிட்டு ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். எழுதியது மொத்தமும் மாயமானது. “எங்க போச்சு? இப்பதானய்யா இங்க இருந்துச்சு!” என்று கம்ப்யூட்டரைப் பார்த்துச் சண்டை போட்டார். திரும்ப எழுதினார். இரண்டாவது முறை எழுதியது முதலில் எழுதியதைவிட மோசம் என்று அவருக்கே தெரிந்தது. ஆனாலும் வெளியிட்டார்.

சில நாட்களில் பார்வையாளர் எண்ணிக்கை ஏறியது. அக்கா பூரித்துப்போனார். கணவரிடமும், முதலாளியிடமும், கார் கழுவும் ஆளிடமும் சொல்லியாகிவிட்டது. வெப்சைட்காரர் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “மேடம், இதெல்லாம் நீங்கதான். நீங்க எத்தனை தடவ திறந்து பாக்குறீங்களோ அத்தனையும் கணக்குல ஏறுது.”

அக்காவின் முகம் தொங்கிப்போனது. ஆனாலும் எழுதுவதை விடவில்லை. மேட்டில் நிறுத்திய வண்டியை எப்படி எடுப்பது, பின்னாலிருந்து ஹாரன் அடிப்பவனை எப்படிக் கண்டுகொள்ளாமல் இருப்பது, பக்கத்தில் உட்கார்ந்து திட்டுகிற வீட்டுக்காரரை எங்கே இறக்கிவிடுவது என்று எழுதிக்கொண்டே போனார். வாக்கியங்களை முடிக்க முடிந்தது. அதுவே அவருக்குப் பெரிய நிம்மதி. மேட்டுக் கட்டுரைக்குக் கீழே முன்பின் தெரியாத ஒருவர், “என் காலுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று இப்போதுதான் புரிந்தது” என்று எழுதியிருந்தார். அக்கா அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். அதன்பின் உண்மையாகவே ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

அங்கேதான் சனி பிடித்தது. “இவ்வளவு பேர் வர்றாங்க, விளம்பரம் போட்டுப் பாக்கலாமே மேடம்” என்று வெப்சைட்காரர் கொளுத்திப் போட்டார். கணவரும் முதன்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்து, “நல்ல யோசனைதான்” என்றார். அக்காவும் சரி என்றுவிட்டார்.

மறுநாள் தன் கட்டுரையைத் திறந்த அக்கா திகைத்துப்போனார். ‘இப்போது கிளட்சை மெதுவாக விடுங்கள்’ என்ற வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் தொப்பை கரைக்கும் மருந்து ஒன்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. கிளட்சை விட்டவர்கள் அடுத்து என்ன செய்வதென்று தெரிந்துகொள்ள அந்தத் தொப்பையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

“கார்லதான் பேச விட மாட்டேங்குறாங்கன்னா இங்கயும் குறுக்க வந்து நிக்குதே!”

“அத ஓரத்துக்கு நகர்த்திடலாம் மேடம்” என்றார் வெப்சைட்காரர். நகர்த்தினார்கள். அடுத்த நாள் அது தலைப்பின் மேல் உட்கார்ந்திருந்தது.

அதையாவது பொறுத்துக்கொண்டிருக்கலாம். ஒருநாள் காலையில் முதலாளி கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் அவருடைய செல்போன் இருந்தது. அதில் அக்காவின் வலைப்பூ. ‘பொறுமையாகப் பழகினால்தான் ஓட்ட முடியும்’ என்ற கட்டுரைக்கு நேர் கீழே, ‘ஒரே வாரத்தில் லைசென்ஸ்! பயிற்சி அவசியமில்லை!’ என்று எதிர்த்தெரு டிரைவிங் ஸ்கூலின் விளம்பரம் பளபளத்தது.

“என்னம்மா இது? சம்பளம் இங்க, பிரசாரம் அங்கயா?”

“சார், சத்தியமா நான் போடல. அதுவா வந்திருக்கு.”

“அதுவா வர்றதுக்கு அது என்ன கொசுவா?”

அக்கா நேராக வெப்சைட்காரரிடம் போனார். விளம்பரம் எது என்று முடிவு செய்வது விளம்பரக் கம்பெனி என்றும், கட்டுரையில் என்ன இருக்கிறது, படிப்பவர் இதற்கு முன் எதைத் தேடினார் என்றெல்லாம் பார்த்து அதுவே போடும் என்றும், அதனால் ஆளுக்கு ஒரு விளம்பரம் தெரியும் என்றும் அவர் விளக்கினார். அக்காவுக்குப் புரிந்தது. புரிந்ததால் எரிச்சல் இன்னும் கூடியது.

“அப்ப நான் பொறுமையா பழகுங்கன்னு எழுத எழுத, அது பழகவே வேணாம்னு போட்டுக்கிட்டே இருக்குமா?”

“கிட்டத்தட்ட அப்படித்தான் மேடம்.”

எதிர்த்தெரு ஸ்கூலின் விளம்பரத்தைத் தடை செய்தார்கள். அது வேறு பெயரில் திரும்ப வந்தது.

இந்த லட்சணத்தில், நாத்தனார் வேறு உதவிக்குக் கிளம்பிவிட்டார். கணவரின் தங்கை, நல்ல மனசு. ஏதோ ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறவர். போன் செய்து, “அண்ணி, நீங்க கவலையே படாதீங்க. விளம்பரத்த அமுக்கினா உங்களுக்குக் காசு வருமாமே? நான் தினமும் அமுக்குறேன். எங்க செக்‌ஷன்ல எல்லாரையும் அமுக்கச் சொல்லியிருக்கேன். மேனேஜர்கூட அமுக்குறாரு” என்றார்.

அக்கா விஷயத்தை வெப்சைட்காரரிடம் சொன்னபோது அவர் முகம் வெளுத்தது. “ஐயோ, அப்படியெல்லாம் செய்யக்கூடாது மேடம்!” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் கம்பெனியிடமிருந்து மெயில் வந்துவிட்டது. சந்தேகத்துக்குரிய கிளிக்குகள் காரணமாக உங்கள் கணக்கு நிறுத்தப்படுகிறது. அக்கா நடந்ததை நடந்தபடி விளக்கி, நாத்தனாரின் குணநலன்கள் உள்படப் பதில் எழுதினார். உடனடியாக மறுமொழி வந்தது. உங்கள் கருத்துக்கு நன்றி, கணக்கு நிறுத்தப்படுகிறது. திரும்பவும் எழுதினார். திரும்பவும் அதே நன்றி.

“யார்கிட்டயாவது பேசணும்னா எங்க பேசறது?” என்று அக்கா கேட்டார்.

“பேச ஆளே கிடையாது மேடம்.”

நாத்தனாரிடம் இதை எப்படிச் சொல்வது என்று அக்கா யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவரிடமிருந்து போன். “அண்ணி, இன்னிக்கு ஒரு விளம்பரத்தையும் காணோமே, நெட் சரியில்லையா?” அக்கா ஆமாம் என்றுவிட்டார்.

அடுத்து, நாமே நம் வலைப்பூவுக்கு விளம்பரம் கொடுத்தால் என்ன என்று ஒரு முயற்சி. ஓட்டப் பழகுகிறவர்கள் வருவார்கள் என்று நினைத்தார்கள். வந்தவர்கள் எல்லாம் கார் ரேஸ் விளையாட்டு தேடி வந்த பிள்ளைகள். ‘கேம் எங்கே?’, ‘டவுன்லோட் ஆகலை’, ‘போர்’ என்று பின்னூட்டங்கள் குவிந்தன. அக்கா ஒவ்வொருவருக்கும் பொறுப்பாக, ‘இது நிஜக் கார், தம்பி’ என்று பதில் போட்டார். அத்தோடு அந்தச் சோதனையை மூட்டை கட்டியாகிவிட்டது.

விளம்பரமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று கொஞ்ச நாள் நிம்மதியாக எழுதினார். அப்போது எழுதியதுதான் செருப்புக் கட்டுரை. குதிகால் உயர்ந்த செருப்போடு வந்து பிரேக்குக்குப் பதில் தரையை மிதிப்பவர்கள், தொளதொள செருப்பு பிரேக்குக்கு அடியில் போய்ச் சிக்கிக்கொள்ள அலறுபவர்கள் என்று தான் பட்ட பாட்டையெல்லாம் அதில் கொட்டியிருந்தார்.

ஒரு வாரம் கழித்து, டிரைவிங் ஸ்கூலுக்கு இரண்டு கட்டடம் தள்ளியிருக்கும் செருப்புக் கடைக்காரர் வந்து நின்றார். பருத்த மனிதர், மூச்சு வாங்கியது.

“நீங்கதான் பிரேக் அக்காவா? தட்டையான செருப்பு வேணும், பின்னால வார் இருக்கணும்னு கேட்டு ஆளுங்க வர்றாங்கம்மா. யாரு சொன்னாங்கன்னு கேட்டா உங்களச் சொல்றாங்க. என் கடை விளம்பரத்த உங்க இதுல போடுங்களேன்.”

அக்காவுக்குப் பட்டதெல்லாம் போதாதா என்றிருந்தது. ஆனால் பேசுவதற்கு எதிரே ஓர் ஆள் இருக்கிறாரே என்று நினைத்தார். தயங்கித் தயங்கி நிபந்தனைகளைச் சொன்னார். கட்டுரை முடிந்த பிறகுதான் விளம்பரம் வரும். கண்ணைச் சிமிட்டாது. வாசகத்தை அக்காவேதான் எழுதுவார். கடைக்காரர் தலையாட்டினார்.

அக்கா எழுதினார்: ‘ஓட்டுவதற்கு ஏற்ற தட்டைச் செருப்பு இந்தக் கடையில் கிடைக்கும். குதிகால் உயர்ந்த செருப்பும் அங்கே உண்டு. அதை வாங்கினால் கையில் எடுத்துக்கொண்டு காரில் ஏறுங்கள்.’

கடைக்காரர் மறுநாளே ஓடிவந்தார். “என்னம்மா, என் சரக்கையே கையில தூக்கிட்டு போகச் சொல்றீங்க?”

“கால்ல போட்டுக்கிட்டு ஓட்டச் சொல்லவா?”

“சரி, என் போட்டோவாவது போடக்கூடாதா?”

“செருப்பு போட்டோ போட்டிருக்கேன்ல?”

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். ஆனால் செருப்பு விற்றது. விற்க விற்கக் கடைக்காரரின் போன்கள் பெருகின. புது மாடல் வந்திருக்கிறது மாற்றுங்கள், எழுத்தைப் பெரிதாக்குங்கள், ‘உலகத்தரம்’ என்று ஒரு வார்த்தை சேருங்கள். அக்கா ஒவ்வொன்றுக்கும் மறுத்தார். அவர் ஒவ்வொரு நாளும் கேட்டார். முகம் தெரியாத கம்பெனியே தேவலாம் என்று அக்கா சில நாள் நினைத்ததுண்டு.

அப்படி ஒரு பிற்பகல், ‘உலகத்தரம்’ பற்றிய வாக்குவாதத்தில் அக்கா போனில் இருந்தபோது, பள்ளி வாசலில் நீலக் கார் ஒன்று தயங்கித் தயங்கி வந்து நின்றது. நாற்பது வயதுப் பெண் ஒருவர் இறங்கினார். முகமெல்லாம் சிரிப்பு.

“மேடம், உங்க எழுத்தப் படிச்சிட்டு, எங்க அக்கா பக்கத்துல உக்கார்ந்து பழக்கிவிட்டா. லைசென்ஸ் வாங்கியாச்சு. லைசென்ஸ் வாங்கின பிறகு இன்னிக்குதான் முதல் தடவ தனியா எடுத்திருக்கேன். நேரா உங்களப் பாக்கத்தான் வந்தேன்!”

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்தப் பெண்ணின் தோளுக்குப் பின்னால் நீலக் கார் மெல்லப் பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

“ஹேண்ட்பிரேக்!”

போனை எறிந்துவிட்டு ஓடினார் அக்கா. கதவைத் திறந்து பாதி உடம்பை உள்ளே நுழைத்து நெம்புகோலை இழுத்தார். வண்டி நின்றது. மூச்சிரைக்கத் திரும்பினார்.

“இறங்குறதுக்கு முன்னாடி அத இழுக்கணும்னு எழுதியிருக்கேனேம்மா!”

“ஐயோ மேடம், மறந்தே போச்சு. எப்பவும் எங்க அக்காதான் இழுப்பா. அந்தக் கட்டுரைய நான் இன்னும் படிக்கல.”

அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு அந்தப் பெண்ணைப் பின்னறைக்குக் கூட்டிப்போய், நாற்காலியை இழுத்துப்போட்டு, கம்ப்யூட்டரைத் திறந்துவைத்தார்.

“உக்காருங்க. முழுசும் படிச்சிட்டுதான் வண்டியத் தொடணும். சாவி எங்கிட்ட இருக்கட்டும்.”