மாமாவின் எடைக்கு ஏற்றிய கார்

அக்காவின் கல்யாணத்துக்காக அப்பா தன் பழைய இங்கிலீஷ் காருக்கு நான்கு அகலமான வீல் வாங்கிப் போட்டார். கினிகத்தேனையில் ஒருவரிடம் பழைய வீல்களைக் கொடுத்து மாற்றிக்கொண்டு வந்திருந்தார். மோட்டார் வாகனத் தொழில்நுட்பம் படித்தவள் நான். என்னிடம் கேட்டது எல்லாம் முடிந்த பிறகுதான்.

"நாலு நட்டும் நச்சுன்னு உக்காருது. அப்புறம் என்ன?"

நட்டு உட்காருவது வேறு, வீல் உட்காருவது வேறு என்றேன். புது வீல்கள் மட்கார்டு விளிம்பு வரை துருத்திக்கொண்டு நின்றன. அப்பா அதைத்தான் அழகு என்றார்.

நாங்கள் இருவரும் ஓட்டிப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. ஹட்டனிலிருந்து சாமான் ஏற்றி வந்த அன்று, வலது பக்கம் திரும்பும் வளைவில், இடது முன் டயர் மட்கார்டில் உரசி, வால் மிதிபட்ட பூனை மாதிரி கத்தியது. அந்தப் பக்கத்து சஸ்பென்ஷன் வயதாகித் தாழ்ந்திருந்தது. வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடப்பக்கம் சாயும். முன் சீட்டில் கனமாக எதுவும் இருந்தால் டயர் போய் இடிக்கும்.

முன் சீட்டில் உட்காரப்போவது தாய்மாமன். பெண்ணைக் கோயிலுக்கு அழைத்துப் போகிறவர் அவர். அந்த சீட் அவருடைய உரிமை. ஆளும் நல்ல கனம். கோயில் பாதையில் வலது வளைவுகளுக்குக் குறைவே இல்லை. அக்காவோ இந்தக் காரில்தான் போவேன் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிவருகிறவள்.

என் மனதில் மூன்று வழிகள் இருந்தன. பழைய வீல்களைத் திரும்ப வாங்குவது: அவை அதற்குள் வேறு யாருக்கோ போய்விட்டன. மட்கார்டு விளிம்பை வெட்டுவது: "அதுக்கு என் கழுத்த வெட்டு" என்றார் அப்பா. மாமாவைப் பின் சீட்டில் உட்காரச் சொல்வது: இதைக் கேட்டதும் அம்மா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

எனவே நான்காவது. இந்தக் காரின் முன்பக்கத்தில் ஸ்பிரிங் கிடையாது. பக்கத்துக்கு ஒன்றாக நீளமான இரும்புத் தண்டு முறுக்கிக்கொண்டு பாரத்தைத் தாங்கும். அதன் முனையில் பல் பல்லாக வெட்டியிருக்கும். அதைக் கழற்றி ஒரு பல் தள்ளிப் பூட்டினால் அந்தப் பக்கம் உயரும். அப்படியே செய்தேன். பிறகு கல்யாணத்துக்கு வாங்கிய அரிசியை மூட்டையாக முன் சீட்டில் ஏற்றி, நழுவாமல் பெல்ட்டும் போட்டேன்.

"இன்னுங்கொஞ்சம் வையி, தொந்தி பத்தல" என்றார் அப்பா.

அந்த நேரம் பார்த்து மாமா ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"என்ன மச்சான், அரிசிக்கெல்லாம் பெல்ட்டு போட்டு ஊர்கோலம் போறீங்க?"

அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. "அது நீங்கதான் மச்சான்."

மாமா குனிந்து உள்ளே பார்த்தார். "ரெண்டு மூட்டையா நானு?"

"ஒன்றரைதான் மாமா" என்று திருத்தினேன். அது உதவவில்லை.

மறுநாள் காலை மாமா பட்டு வேட்டி கட்டிக்கொண்டு சொந்தக்காரர்கள் போகும் வேன் பக்கத்தில் நின்றார். "நான் இதுலயே வர்றேன். காரு பாவம்."

இடது பக்கம் உயர்ந்துவிட்டதால், அவர் இல்லாத கார் டிரைவர் பக்கமாகச் சரிந்து நின்றது. போட்டோ எடுக்க வந்தவர், "பஞ்சருங்களா?" என்றார். பின் சீட்டில் அக்காவின் கண்மை கரையத் தொடங்கியது. "அண்ணே, வாங்கண்ணே" என்று அம்மா கெஞ்சினார். அரிசியையே திரும்ப ஏற்றலாமா என்று அப்பா என் காதில் கேட்டார். அரிசி ஏற்கெனவே அண்டாவில் கொதித்துக்கொண்டிருந்தது.

நான் மாமாவிடம் போனேன். "உங்க இடத்த மாத்தக் கூடாதுன்னுதான் மாமா காரையே மாத்துனேன். இப்ப நீங்க ஏறலன்னா அது கோணலாத்தான் போகும்."

அவர் காரைப் பார்த்தார். "நான் ஏறுனா நேராயிருமா?"

"ஏறிப் பாருங்க."

ஏறினார். கார் மெல்ல இறங்கி மட்டமாக நின்றது. இறங்கினார், சாய்ந்தது. மறுபடி ஏறினார். போட்டோக்காரர் சரியாக எடுக்கவில்லை என்று இன்னொரு முறையும் இறங்கி ஏறினார். "முகூர்த்தம் போவுது மச்சான்!" என்று அப்பா ஹார்னை அழுத்தினார்.

வலது வளைவு ஒவ்வொன்றிலும் மாமா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி டயரைக் கவனித்தார். ஒரு சத்தமும் இல்லை.

தாலி கட்டி முடிந்து திரும்பும் நேரத்தில், மாப்பிள்ளையின் தாய்மாமன் முன் கதவில் கைவைத்தார். ஒல்லியான மனிதர். மாமா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. இது மரியாத விசயம் இல்லங்க, டெக்னிக்கல் விசயம். வேணும்னா பாப்பாகிட்ட கேளுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன்.