முதல் நாற்காலி யாருக்கு

பெரிய வியாழன் வந்தாலே எனக்குத் தலைவலி வந்துவிடும். பூதலூர்ப் பக்கம் ஒரு பங்குக் கோயிலில் கோயில்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மணியடிப்பது, பீடம் ஆயத்தம் செய்வது, மைக் செட் பார்ப்பது எல்லாம் என் வேலை. அன்றைக்கு மட்டும் கூடுதலாகப் பன்னிரண்டு நாற்காலி போட வேண்டும். இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, சாமியார் பன்னிரண்டு பேர் காலைக் கழுவுவார். தாழ்மையைக் காட்டும் சடங்கு. அதில் முதல் நாற்காலி யாருக்கு என்று எங்கள் ஊரில் சண்டை. வீட்டிலேயே காலைத் தேய்த்துக் கழுவி, பவுடர் போட்டுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. இதை எங்கே போய்ச் சொல்வது?

1. வரிசைக்கு இரண்டு முனை

சூசைமாணிக்கம் காலமானதும், அவர் வழக்கமாக உட்கார்ந்த முதல் நாற்காலிக்கு மகன்கள் இருவரும் மல்லுக்கு நின்றார்கள். மூத்தவர் அருளப்பன், இளையவர் தாசன். பேச்சுவார்த்தையே நின்றுபோனது. ஈஸ்டர் முடிந்ததும் தாசன் மகளுக்குக் கல்யாணம். கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்தாகிவிட்டது. பெரியப்பா வராமல் பெண்ணை எப்படி அனுப்புவது என்று தாசன் மனைவி என்னிடம் வந்து அழுதாள்.

"சாமி, ரெண்டு பேருக்கும் மொத நாற்காலிதான் வேணுமாம்" என்று சாமியாரிடம் போய்ச் சொன்னேன்.

"வரிசைக்கு ரெண்டு முனை இருக்குல்ல? ஆளுக்கொரு முனையில உக்கார வைங்க."

எந்த முனையில் தொடங்குவீர்கள் என்று கேட்டேன். முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவர், "அதை மட்டும் என்கிட்ட கேக்காதீங்க" என்றார்.

2. சேற்றுக்கால்

பெரிய வியாழன் பூசையில் அருளப்பன் முனையில் தொடங்கினார் சாமியார். தாசன் நாற்காலி காலியாகவே இருந்தது. பாதிச் சடங்கில் ஓடி வந்து உட்கார்ந்தார். முழங்கால் வரை காய்ந்த சேறு. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

அவரிடம் வந்தபோது சாமியாருக்கு முழங்கால் மடங்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கோயிலே எங்களைப் பார்த்தது. அருளப்பன் எழுந்து வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று பயந்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, தம்பியின் காலைத் தாம்பாளத்துக்கு இழுத்தார்.

"இந்தக் காலோடயாடா கோயிலுக்கு வருவ?"

"மும்முனைக் கரண்டு அப்பத்தாண்ணே வந்துச்சு. உளுந்துக்குத் தண்ணி வெக்கணும்ல."

தேய்த்துக்கொண்டே வந்தவரின் கை குதிகாலில் நின்றது. "இவ்வளவு வெடிப்பு வெடிச்சிருக்கே, மருந்து போடலியா?"

தாசன் அண்ணன் தலைமேல் கையை வைத்துக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அருளப்பன் தன் நாற்காலிக்குத் திரும்பவில்லை. பூசை முடியும்வரை அங்கேயே தரையில் இருந்தார்.

வெளியே வந்ததும் தாசன், "அண்ணே, பத்திரிகை வெக்க நாளைக்கி வீட்டுக்கு வர்றோம்" என்றார்.

"எனக்கு எதுக்குடா பத்திரிகை? பந்தக்கால் என்னிக்கி, அதைச் சொல்லு."

3. நான் கற்றது

ஆசீர்வாதம் நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குக் கிடைத்து நான் பார்த்ததில்லை. இறங்கி வந்தவருக்குக் கிடைத்ததைப் பார்த்தேன். ஊர் அதையாவது புரிந்துகொண்டதா? அடுத்த பெரிய வியாழனுக்கு நாலைந்து பேர் வந்து, "இந்தத் தடவை சாமியாருக்குப் பதிலா நான் கழுவுறேன், எம் பேரைப் போட்டுக்குங்க" என்று நின்றார்கள்.

"அதுக்குக் கோயில் எதுக்குங்க? நீங்க பேசாம ஒதுக்கி வெச்சிருக்கிற ஆளு வீட்டுக்குப் போயி, அவங்க காலைக் கழுவிட்டு வாங்க" என்றேன்.

அதற்குப் பிறகு ஒருவரும் பெயர் கொடுக்க வரவில்லை.