பச்சை மேடம் ஊற்றிய சிவப்பு

பச்சை மேடம் என்றால் அந்த வட்டாரத்தில் தெரியாதவர்கள் கிடையாது. சுகாதார வாரியத்தின் ஆய்வாளர். ஒரு வீட்டின் செப்டிக் டேங்க் கசிகிறது என்று புகார் வந்தால் போதும், தோள்பையில் சாயப்பொடியோடு வந்து நிற்பார். பொடியைக் கரைத்து அந்த வீட்டுக் கழிப்பறையில் ஊற்றி, வாளி வாளியாகத் தண்ணீர் விட்டுவிட்டுக் காத்திருப்பார். பச்சைத் தண்ணீர் பக்கத்துக் கிணற்றிலோ மழைநீர்க் கால்வாயிலோ தலைகாட்டினால் டேங்க் ஓட்டை என்று அர்த்தம். அதற்கப்புறம் யார் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் மேடம் காதில் ஏறாது.

இப்போது அங்கே பாதாளச் சாக்கடை வந்துவிட்டது. டேங்கும் இல்லை, சாயமும் இல்லை. ஓய்வு பெற்று மகனுடைய அடுக்குமாடி வீட்டில் இருக்கும் மேடம், அந்தக் கதைகளை எடுத்தாலே மருமகள், "அத்தை, சாப்பிடற நேரத்துல வேணாமே" என்று கெஞ்சுவாள். பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மேடத்துக்கு ஏக்கமெல்லாம் அந்தக் காத்திருப்பின் மேல்தான். சாயம் வெளியே வரும்வரை அந்த வீட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அரை நாள் சும்மா உட்கார்ந்தால் எந்த வீடும் மனம்விட்டுப் பேசிவிடும். நாத்தனார் சண்டை, மகனின் காதல், மாமனாரின் இருமல் எல்லாம் வரும். டீ மட்டும் வராது. கழிப்பறையில் கைவைத்தவளுக்கு எந்த டம்ளரில் கொடுப்பது என்ற குழப்பம். ரொம்பத் தாராளமானவர்கள் காகிதக் கப்பில் கொடுத்துவிட்டு, குப்பைத்தொட்டி இருக்கும் திசையையும் காட்டுவார்கள். தனக்கு அது பழகிவிட்டது என்று மேடம் சொல்லிக்கொண்டிருந்தார். பழகவேயில்லை.

தையல்காரம்மாவின் வீட்டுக்குப் போன நாள் இன்னமும் அவருக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது. புகார் கொடுத்தது வீட்டு ஓனரேதான். தன் வீட்டைப் பற்றித் தானே புகார் கொடுத்த மகானை மேடம் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார்.

"பொதுமக்கள் ஆரோக்கியம்தான் மேடம் எனக்கு முக்கியம்" என்றார் ஓனர்.

விஷயம் வேறு. பழைய வாடகையில் இருந்த தையல்காரம்மாவைக் கிளப்ப அவர் படாத பாடு பட்டுவிட்டார். டேங்க் கசிந்தால் வீடு குடியிருக்க லாயக்கில்லை என்று வாரியம் சொல்லிவிடும். ஆட்கள் காலி செய்ய வேண்டும். ரிப்பேர் முடிந்ததும் திரும்ப வரலாம் என்பது விதி. அப்படித் திரும்ப வந்த ஒருவரையும் மேடம் பார்த்ததில்லை. தையல்காரம்மாவின் கணவர் உள்ளறையில் படுத்த படுக்கை. வாசலறையில் தையல் மிஷின். அது ஓடினால்தான் அடுப்பு எரியும். படுக்கையில் கிடக்கும் ஆளோடு வருகிறவளுக்கு வேறு யார் வீடு கொடுப்பார்கள்?

பின் தெருவில் இன்னொரு வீட்டுக்காக ஊற்றிய பச்சை, இந்த வீட்டை ஒட்டி ஓடும் மழைநீர்க் கால்வாயில் அப்போதுதான் ஓடி அடங்கியிருந்தது. இரண்டும் குழம்பக் கூடாது என்று மேடம் அன்று சிவப்புப் பொடி கொண்டுவந்திருந்தார். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"என்ன மேடம் இது, பாக்கவே வயித்தைக் கலக்குது" என்றாள் தையல்காரம்மா, கழிப்பறையை எட்டிப் பார்த்து.

"உனக்கு மட்டுமா, எனக்கும்தான். உக்காரு, எப்ப வருதுன்னு பாப்போம்."

அவள் போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். எவர்சில்வர் டம்ளர். அவளுடையதும் அதே மாதிரி டம்ளர்தான். ஒன்றை மேடத்திடம் நீட்டிவிட்டு, எதுவுமே நடக்காதது போல மிஷினை மிதிக்கத் தொடங்கினாள். டீ நன்றாகவும் இல்லை, சர்க்கரை தூக்கல். மேடம் ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

மதியம் ஓனர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "மேடம், வந்து பாருங்க. கால்வாய் பூரா பச்சை."

போய்ப் பார்த்தால் உண்மையிலேயே பச்சை, பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்தது போல. தெருவே கூடிவிட்டது. மேடம் ஓனரின் நகங்களைப் பார்த்தார். அங்கேயும் பச்சை.

"சார், நான் இன்னைக்கு ஊத்தினது சிவப்பு."

கூட்டம் சிரித்த சிரிப்பில் ஓனர் போன இடம் தெரியவில்லை. தையல்காரம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மேடம்தான் சிரிக்கவில்லை. "காலைல வரைக்கும் பாக்கணும்மா, சோதனை இன்னும் முடியல" என்று சொல்லி, தன் போன் நம்பரைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் பொழுது விடியும்போது தையல்காரம்மாவிடமிருந்து போன் வந்தது.

"மேடம், சிவப்பு வந்திருக்கு."

இவள் ஏன் கூப்பிட்டாள்? கம்மென்று இருந்திருக்கலாமே என்று மேடம் ஒரு கணம் நினைத்தார். நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு ஓடினார். டேங்க் கசிவது நிஜம். ஓனர் சொன்ன பொய் தற்செயலாக உண்மையாகிவிட்டது.

வாரியக் கூட்டத்தில் ஓனர் வெற்றிக் களையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கசிவை மேடம் ஒளிக்கவில்லை. "டேங்க் ஓனரோடது, ஓட்டையும் அவரோடது. புது டேங்க் கட்டற வரைக்கும் வாரா வாரம் லாரி வெச்சு அவரே காலி பண்ணட்டும். டேங்க் நிரம்பாம பாத்துக்கிட்டா கசிய ஒண்ணும் இருக்காது. அவங்க எதுக்கு வெளிய போகணும்?" என்று கேட்டார். எப்போதும் அரைத் தூக்கத்தில் இருக்கும் தலைவர் அன்று கண்ணைத் திறந்தார்.

"அது சரி, அந்தப் பச்சை எப்படிங்க வந்துச்சு?" என்று மேடத்தின் அறிக்கையைப் புரட்டியபடி ஓனரைப் பார்த்துக் கேட்டார்.

ஓனர் நகம் தெரியாமல் விரல்களை மடக்கிக்கொண்டார். மேடம் சொன்னபடியே உத்தரவு வந்தது. தையல்காரம்மாவின் கணவர் பின்னாளில் அந்த உள்ளறையில், தன் கட்டிலிலேயே, மிஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கண்ணை மூடினார்.

போன மாதம் மேடம் தன் பழைய தோள்பையை எடுத்துக்கொண்டு தையல்காரம்மா வீட்டுக்குப் போனார். ஜிப்பு போய்விட்டது. தையல்காரம்மா பையைப் பிரித்து, உள்துணியில் ஊறிப்போன பச்சைத் திட்டுகளைத் தடவிப் பார்த்தாள்.

மேடம் இத்தனை வருடமாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டார். "அன்னைக்கு ஏம்மா போன் பண்ணே? ரெண்டு வாளி தண்ணி விட்டிருந்தா தடம் தெரியாம போயிருக்குமே."

"வாளியோடதான் மேடம் போனேன். ஊத்தவும் கையத் தூக்கிட்டேன்." ஊசியில் நூலைக் கோத்தபடியே சொன்னாள். "நீங்க எங்க வீட்டு டீயை எவ்வளவு ஆசையா குடிச்சீங்க. அந்தக் கக்கூஸைப் பாத்துட்டு வந்த எந்த ஆபீசரும் எங்க வீட்டுல பச்சத்தண்ணி கூடத் தொட்டதில்ல. உங்ககிட்ட எப்படி மேடம் பொய் சொல்றது?"

ஒரே டம்ளரைப் பற்றி இருவரும் இத்தனை காலம் நன்றியோடு நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரி சரி, டீ போடு. சர்க்கரையை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கோ."